வேட்டைக்கு சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்: .44 மேக்னம் போதுமா, இன்னும் பெரிதாகப் போகலாமா?

கரிசல்காடு:

எல்லோருக்கும் வணக்கம். பல வருடங்களாக ரைஃபிளில்தான் வேட்டை. அடுத்த பருவத்தில் ரைஃபிளை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஒரு பெரிய காலிபர் (குண்டின் விட்டம்) சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரோடு மட்டும் காட்டுக்குள் போக ஆசைப்படுகிறேன், அதாவது ஒவ்வொரு முறையும் ஹேமரை (சுத்தியை) கட்டைவிரலால் இழுத்துவிட்டுச் சுடும் வகை. நான் போகும் இடத்தில் கைத்துப்பாக்கி வேட்டைக்குச் சட்டப்படி அனுமதி உண்டு, உரிமம் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. வெள்ளைவால் மானும் காட்டுப்பன்றியும்தான் இலக்கு. அடர்ந்த காடு, 70 கெஜத்துக்கு மேல் பார்வையே போகாது.

மனதில் மூன்று இருக்கின்றன. ரூகர் சூப்பர் பிளாக்ஹாக் .44 மேக்னம், 7.5 அங்குலக் குழல். ஃப்ரீடம் ஆர்ம்ஸ் மாடல் 83, .454 கசூல். மேக்னம் ரிசர்ச் பி.எஃப்.ஆர், .500 ஸ்மித் அண்ட் வெசன். கூட வேட்டைக்கு வரும் ஒருவர், "வாங்குவதே வாங்குகிறாய், இருப்பதிலேயே பெரியதை வாங்கு, வேண்டுமானால் மென்மையான தோட்டா போட்டுக்கொள்ளலாம்" என்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் மனம் ஒப்பவில்லை. இதுவரை நான் சுட்டதில் பெரியது .357 டபுள் ஆக்‌ஷன்தான். அதில் ட்ரிகரை இழுத்தாலே ஹேமர் எழுந்து விழும். காலிபர், பிடி, ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வேண்டுமா வேண்டாமா என்று மூன்றிலும் குழப்பம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓடைக்கரை:

.44 மேக்னம். உங்கள் காடு, உங்கள் தூரம், உங்கள் விலங்கு மூன்றையும் வைத்துப் பார்த்தால் இதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை என்பது என் எண்ணம், ஆனால் ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

240 கிரெயின் (குண்டின் எடை அளவு) குண்டு 7.5 அங்குலக் குழலிலிருந்து நொடிக்கு 1,350 அடி வேகத்தில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது கிட்டத்தட்ட 970 அடி-பவுண்டு ஆற்றல். ரைஃபிள்காரர்களுக்கு இந்த எண் அற்பமாகத் தெரியும், உங்களுக்கும் முதலில் அப்படித்தான் தோன்றும். ரிவால்வர் வேட்டையில் இந்த எண்ணைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. ரைஃபிள் குண்டு வேகத்தால் சுற்றியுள்ள தசையையும் சேர்த்துச் சிதைக்கிறது. ரிவால்வர் குண்டு அகலமான ஓட்டை போட்டுக்கொண்டு நேராக ஊடுருவிப் போகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. அந்த ஓட்டை இரண்டு நுரையீரலையும் கடந்து மறுபக்கம் வெளியே வந்தால் மான் அதிக தூரம் போகாது, ரத்தத் தடமும் தெளிவாகக் கிடைக்கும். மானுக்கு விரியும் ஹாலோ பாயிண்ட் 240 கிரெயினும், பன்றிக்கு 300 கிரெயின் அளவில் கனமான, தட்டை மூக்கு உள்ள கடினக் குண்டும் வைத்துக்கொண்டால் உங்கள் காட்டில் உள்ள எதற்கும் இது போதும்.

1955 கடைசியில் ஸ்மித் அண்ட் வெசனும் ரெமிங்டனும் சேர்ந்து இந்தத் தோட்டாவைக் கொண்டுவந்தபோது, அதன் பின்னால் எல்மர் கீத் என்ற வேட்டைக்காரரின் பல வருட வற்புறுத்தல் இருந்தது. அவர் அதற்கு முன்பே, இதன் குட்டையான முன்னோடியான .44 ஸ்பெஷலில் பலமாக மருந்து அடைத்து வேட்டையாடிக்கொண்டிருந்தவர். ரூகர் 1956-லேயே பிளாக்ஹாக்கை .44 மேக்னத்தில் விட்டது, 1959-ல் சூப்பர் பிளாக்ஹாக் வந்தது. இவ்வளவு காலமாக இந்தத் தோட்டாவால் மான் விழுந்துகொண்டுதான் இருக்கிறது, மான் ஒன்றும் அதற்குப் பிறகு கனமாகிவிடவில்லை.

இன்னொரு வசதி, .44 ஸ்பெஷல் தோட்டாவை அதே துப்பாக்கியில் சுடலாம். உதை கம்மி. .357-லிருந்து வருகிற உங்களுக்கு முதல் சில மாதங்கள் அதிலேயே போகட்டும். கை பழகாமல் முழு வேகத் தோட்டாவில் ஆரம்பித்தால், ட்ரிகரை அழுத்தும் கணத்தில் கண்ணை மூடிக் கையை இறுக்கும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். அது ஒட்டினால் உரித்தெடுப்பது பெரும்பாடு.

அந்த .500 பற்றி ஒரு வார்த்தை. நல்ல துப்பாக்கிதான், குறை சொல்லவில்லை. ஆனால் .500 ஸ்மித் அண்ட் வெசனுக்காக பி.எஃப்.ஆரின் நீளமான சட்டகமும், தோட்டாக்கள் உட்காரும் நீளமான சிலிண்டரும் தேவைப்படுகிறது. இடுப்பில் நாள் முழுக்கச் சுமந்து பாருங்கள், பிறகு பேசுவோம். சக்தி 2,500 அடி-பவுண்டைத் தாண்டும், 70 கெஜத்து மானுக்கு அதில் பாதிகூட வேண்டாம்.

ஈயவார்ப்பு:

ஓடைக்கரை சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை, ஆனால் .45 கோல்ட்டை யாரும் பேச்சில் எடுக்காதது வருத்தமாக இருக்கிறது. நான் சொந்தமாகக் குண்டு வார்த்து, தோட்டா அடைத்துச் சுடுகிறவன். அந்தக் கோணத்திலிருந்து சொல்கிறேன்.

.45 கோல்ட் 1873-ன் தோட்டா, அதனாலேயே பலர் அதைப் பழம்பொருள் மாதிரி நினைக்கிறார்கள். பழைய கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மிக்கும் அதன் நகல்களுக்கும் பொருந்தும்படி இன்றும் தரநிலை அழுத்தம் 14,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அளவில்தான் வைத்திருக்கிறார்கள். அதே பெயருள்ள தோட்டாவை ரூகர் பிளாக்ஹாக்கின் கனமான பெரிய சிலிண்டரில் 30,000 வரை கொண்டுபோகலாம் என்று கையேடுகளில் தனி அட்டவணையே இருக்கிறது. 300 கிரெயின், .452 அங்குல விட்டம், தட்டையான அகல மூக்கு, நொடிக்கு 1,100, 1,200 அடி. பன்றியின் தோள்பட்டைக் கவசத் தோலில் இது போய் நிற்பதை நான் பார்த்ததில்லை. .44-ஐவிடக் குறைந்த அழுத்தத்தில் அதே வேலை நடப்பதால், சுடும்போது உதை ஒரு சுருக்கென்ற அடியாக இல்லாமல் தள்ளலாக வருகிறது. இது சுடுகிறவர் கையைப் பொறுத்தது என்று சொல்வார்கள், எனக்கு அப்படித்தான் இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து இதை இரண்டு முறை படியுங்கள். அந்த 'ரூகருக்கு மட்டும்' தோட்டா, பழைய கோல்ட்டிலோ அதன் நகலிலோ தவறியும் போகக் கூடாது. உள்ளே சிக்கல் இல்லாமல் நுழையும், அதுதான் ஆபத்தே. சிலிண்டர் வெடித்துக் கை போய்விடும். வீட்டில் இரண்டு வகைத் துப்பாக்கியும் இருந்தால் தோட்டாக்களைத் தனித்தனிப் பெட்டியில், வேறு நிற மூடியோடு, பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

அப்புறம் காலிபரைவிட முக்கியமான ஒன்று: சிலிண்டர் த்ரோட். குண்டு சிலிண்டரை விட்டு வெளியேறும் அந்த முன்வாய், குழலின் உள்பள்ள விட்டத்தைவிட ஒரு மயிரிழையாவது பெரிதாக இருக்க வேண்டும். சிறிதாக இருந்தால் ஈயக் குண்டு அங்கேயே நசுங்கிச் சுருங்கி, குழலுக்குள் தளர்வாக ஓடி, ஈயத்தைப் பூசிக்கொண்டே போகும். ஐந்து தோட்டாவில் குழல் நாசம், குறியும் நாசம். .45-ல் இந்தக் குறை பலமுறை கண்ணில் படுகிறது. சரிபார்ப்பது எளிது. சுடப்போகும் .452 குண்டு ஒன்றை எடுத்து ஒவ்வொரு த்ரோட்டிலும் முன்பக்கத்திலிருந்து விரலால் தள்ளிப் பாருங்கள். லேசான அழுத்தத்தில் வழுக்கிப் போனால் சரி. சிக்கி நின்றால் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து ஒரே அளவாகத் துளைவிரித்துக்கொள்ளுங்கள், சின்ன வேலைதான். இதைச் செய்த பிறகு அதே துப்பாக்கி வேறு துப்பாக்கி போலச் சுடும்.

தோட்டா கடையில்தான் வாங்குவேன், சொந்தமாக அடைக்க மாட்டேன் என்றால் .44-க்கே போங்கள். கிடைக்கும் வகைகள் அதில்தான் அதிகம்.

ஈயத்தைப் பற்றிப் பேசியதால் சொல்கிறேன், சில இடங்களில் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து முழுத் தடை. அங்கெல்லாம் முழுச் செம்புக் குண்டுதான். குறைந்தபட்சக் காலிபர், குழல் நீளம் என்றும் இடத்துக்கு இடம் விதி மாறும், வாங்குவதற்கு முன் உங்கள் மாநில வேட்டை விதிப் புத்தகத்தைப் பார்த்துவிடுங்கள்.

ஐந்தறைக்காரன்:

.454-க்காக நான் பேசியே ஆக வேண்டும். உங்கள் நண்பர் சொன்ன 'பெரியதை வாங்கி மென்மையாகச் சுடு' என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அது .500-க்குப் பொருந்தாது, .454-க்குப் பொருந்தும். ஏனென்றால் .454 கசூல் சிலிண்டரில் .45 கோல்ட் சாதாரணத் தோட்டாவிலிருந்து 300 கிரெயின் 1,650 அடி வேகம் வரை எல்லாம் ஒரே துப்பாக்கியில் ஓடும். 1,800 அடி-பவுண்டு. வருங்காலத்தில் எல்க், மூஸ் போன்ற பெரிய மான்கள் என்று போகிற எண்ணம் இருந்தால் மறுபடி ஒரு துப்பாக்கி வாங்க வேண்டாம்.

மாடல் 83 பற்றிச் சொல்வதானால், வயோமிங்கில் ஃப்ரீடம் என்ற சின்ன ஊரில் 1983-லிருந்து செய்கிறார்கள். ஆறு அறை இல்லை, ஐந்துதான், அதனால் அறைகளுக்கு இடையே சுவர் தடிமன். ஒவ்வொரு அறையையும் அந்தத் துப்பாக்கியின் குழலோடு நேர்கோட்டில் வைத்தே துளைக்கிறார்கள். ஹேமரை இழுத்து நிறுத்திவிட்டுச் சிலிண்டரைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், அசைவே தெரியாது. கையில் எடுத்தவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. விலையும் அதற்கேற்றது, அதை மறைக்கவில்லை. அந்த விலை எட்டாவிட்டால் ரூகரே சூப்பர் பிளாக்ஹாக் பிஸ்லியை .454-லும் .480-லும் ஐந்து அறையோடு செய்திருக்கிறது, கிடைத்தால் விடாதீர்கள். .480 ரூகர் தனி ருசி. 325 கிரெயின், 1,350 அடி. பெரிய ஓட்டை, ஆனால் .454-ன் அந்தக் கூர்மையான அடி இல்லை.

முழுவேக .454-க்கு அழுத்த உச்சவரம்பு 65,000 பி.எஸ்.ஐ. .44 மேக்னத்துக்கு 36,000. இந்த வித்தியாசம் உள்ளங்கையில் தெரியும், காதில் அதைவிட அதிகம் தெரியும். காட்டில் ஒரே ஒரு முறை காதுக் கவசம் இல்லாமல் சுட்டாலும் போன கேட்கும் திறன் திரும்பாது. மெல்லிய சத்தத்தைப் பெருக்கிக்காட்டி வெடிச்சத்தத்தை மட்டும் அடக்கும் மின்னணுக் காதுறைகள் இருக்கின்றன, சருகுச் சத்தமும் கேட்கும், காதும் தப்பும். குழல் முனையில் உதையைக் குறைக்கத் துளை போட்ட பிரேக் உள்ள துப்பாக்கி வாங்குவதாக இருந்தால் இது இன்னும் முக்கியம், சத்தம் பக்கவாட்டில் வந்து அறையும்.

குட்டைத் தோட்டாவை நீள அறையில் சுடும்போது ஒன்றைக் கவனியுங்கள். .454 அறையில் .45 கோல்ட், .44 மேக்னம் அறையில் .44 ஸ்பெஷல் எதுவானாலும், குட்டைத் தோட்டாவின் வாய் முடியும் இடத்தில் கரி ஒரு வளையமாகப் படியும். அதைத் தேய்த்து எடுக்காமல் நீளத் தோட்டாவைப் போட்டால் நுழையாது, அல்லது திணித்து நுழைத்து அழுத்தம் ஏறும். பித்தளை பிரஷ், கொஞ்சம் கரைப்பான், இரண்டு நிமிட வேலை.

கரிசல்காடு:

மூவருக்கும் நன்றி. .500-ஐ விட்டுவிட்டேன். எல்க் பக்கம் போகும் திட்டம் இப்போதைக்கு இல்லை, தோட்டா சொந்தமாக அடைப்பதும் இல்லை. ஆக .44 பக்கம் சாய்கிறேன். ஆனால் பிடி? சாதாரண சூப்பர் பிளாக்ஹாக்கைக் கையில் பிடித்தேன், நடுவிரல் முட்டி ட்ரிகர் வளையத்தின் சதுரப் பின்பக்கத்தில் இடிக்கிறது. சுடாமலேயே இடிக்கிறது என்றால் சுட்டால்? அதோடு, எல்லோரும் ஸ்கோப் போடு என்கிறார்கள், சிங்கிள் ஆக்‌ஷனில் ஸ்கோப் எனக்குக் கண்ணுக்கு ஒட்டவில்லை.

மெதுவிசை:

சுட்டால் முட்டி தோல் உரியும். அந்தப் பிடியை உங்களுக்காகச் செய்யவில்லை, விட்டுவிடுங்கள், பிஸ்லி பிடியை எடுங்கள்.

பழைய கோல்ட் வகைப் பிடி, உதைக்கும்போது உள்ளங்கையில் மேல்நோக்கி உருளும்படி வளைந்தது. .45 கோல்ட் சாதாரணத் தோட்டாவுக்கு அது அழகான ஏற்பாடு. உருண்டதும் ஹேமர் கட்டைவிரலுக்கே வந்து நிற்கும், அடுத்த சுடலுக்கு இழுக்கலாம். முழு மேக்னத்தில் அதே உருளல் பிடியை நழுவவைக்கும், ஒவ்வொரு முறையும் கையை மறுபடி அமைக்க வேண்டும். பிஸ்லியில் பின்பக்கத் தண்டு மேலே ஹேமருக்குக் கீழ்வரை உயர்ந்து கொஞ்சம் நேராக இறங்கும், ஹேமர் முனையும் தாழ்வாக இருக்கும், ட்ரிகர் வளையத்துக்குப் பின்னால் விரலுக்கு இடம் விட்டிருக்கும். உதை நேராக உள்ளங்கைக்கு வரும், முட்டி தப்பும். ரூகர் 1985-லிருந்து பிஸ்லி செய்கிறது. .44-ல் பிஸ்லி ஹன்டர் என்று ஒரு வகை உண்டு, 7.5 அங்குலக் குழல், அதன் மேல்விலாவிலேயே ஸ்கோப் வளையம் பூட்டப் பள்ளம் வெட்டியிருக்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதைத்தான் தேடுவேன். எல்லாக் கைக்கும் பிஸ்லி பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், சின்னக் கை உள்ளவர்களில் சிலருக்குப் பழைய பிடியே வசதி. கையில் பிடித்து, கண்ணை மூடி, துப்பாக்கியை உயர்த்தி, கண்ணைத் திறந்தால் சைட் நேராக நிற்கிறதா என்று பாருங்கள்.

ஸ்கோப் விஷயத்தில் அழகு பார்க்காதீர்கள். காட்டில் மான் வரும் நேரம் விடிகாலையும் அந்தியும்தான், அந்த வெளிச்சத்தில் கறுப்பு முன்சைட்டைப் பழுப்புத் தோலின் மேல் வைத்தால் சைட் காணாமல் போகும். 70 கெஜத்துக்குள் என்றால் பெருக்கம் இல்லாத ரெட் டாட் (கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் குறிக்கருவி) ஒன்று போதும், இரண்டு கண்ணும் திறந்திருக்கும், எடையும் சேராது. ஓப்பன் சைட்டிலேயே நிற்பது என்று முடிவெடுத்தால் முன்சைட்டில் பளிச்சென்ற ஒளியிழை ஒன்றாவது வைத்துக்கொள்ளுங்கள்.

50 கெஜத்தில் சைட்டைச் சரிசெய்தால், ஓடைக்கரை சொன்ன அந்த 240 கிரெயின் 100 கெஜத்தில் ஐந்து ஆறு அங்குலம் கீழே போகும். உங்கள் 70-ல் அது கவலைப்படும் அளவில்லை. உங்கள் எல்லையைத் தீர்மானிக்கப் போவது தோட்டா இல்லை, கை. எட்டு அங்குலத் தட்டு ஒன்றை மாட்டி, மேசையில் தாங்கிச் சுடாமல், காட்டில் சுடப்போகிற விதமாகவே, உட்கார்ந்தோ குச்சித் தாங்கியில் வைத்தோ சுடுங்கள். எந்தத் தூரம் வரை எல்லாத் தோட்டாவும் தட்டுக்குள் விழுகிறதோ அதுவே உங்கள் எல்லை. அது 40 கெஜம் என்றால் 41-ல் நிற்கும் மான் எவ்வளவு பெரிய கொம்போடு நின்றாலும் போகட்டும்.

சிங்கிள் ஆக்‌ஷனுக்கே உரிய ஒரு குணம் உண்டு, டபுள் ஆக்‌ஷனிலிருந்து வருகிறவர்கள் கவனிப்பதில்லை. ஹேமர் பெரிது, கனம், அது விழுந்து தோட்டாவை அடிக்க எடுக்கும் நேரம் அதிகம். ட்ரிகர் விட்டுக்கொடுத்த பிறகும் சைட்டை அதே இடத்தில் வைத்திருக்க வேண்டும், துப்பாக்கி தானாக எழும்பி இறங்கும் வரை. விடுவித்த கணமே தலையைத் தூக்கி மானைப் பார்க்கிற பழக்கம் இருந்தால் குண்டு வேறெங்கோ போகும். பயிற்சியில் சில அறைகளில் போலித் தோட்டாவைக் கலந்து போட்டு, எங்கே இருக்கிறது என்று தெரியாதபடி சிலிண்டரைச் சுற்றிவிட்டுச் சுடுங்கள். போலித் தோட்டாவில் ஹேமர் விழும்போது குழல் முனை கீழே குனிந்தால், அதுதான் நான் சொல்லும் நோய். குனியாத நாள் வரும் வரை .44 ஸ்பெஷலை விட்டு மேலே வர வேண்டாம்.

தாங்கியில் வைக்கும்போது விரலோ சட்டைக் கையோ சிலிண்டரும் குழலும் சேரும் இடைவெளிக்குப் பக்கத்தில் வரக் கூடாது. அந்த இடைவெளியிலிருந்து சூடான வாயுவும் உலோகத் துகளும் பக்கவாட்டில் கத்தி மாதிரி வெட்டும்.

கரிசல்காடு:

பிஸ்லி ஹன்டர் பழையது ஒன்று விற்பனைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டேன், நாளை பார்க்கப் போகிறேன். அதே ஆளிடம் மிகப் பழைய சூப்பர் பிளாக்ஹாக் ஒன்றும் இருக்கிறதாம், பக்கவாட்டில் மூன்று திருகு, "அந்தக் கால வேலைப்பாடு" என்கிறார். எதை எப்படிச் சோதிப்பது?

ஈயவார்ப்பு:

மூன்று திருகு என்றால் 1973-க்கு முந்தைய அமைப்பு. ட்ரிகர் நிஜமாகவே இனிமையாக இருக்கும், ஆசை வரும். ஆனால் அதில் டிரான்ஸ்ஃபர் பார் கிடையாது. ஹேமர் தோட்டாவின் மேல் இறங்கியிருக்கும்போது துப்பாக்கி கீழே விழுந்தால் வெடிக்கும், அதனால் ஹேமருக்குக் கீழே ஒரு அறையைக் காலியாக விட்டு, ஐந்து தோட்டாவோடுதான் சுமக்க வேண்டும். 1973-க்குப் பிந்தைய நியூ மாடலில் ட்ரிகரை அழுத்திப் பிடித்திருக்கும்போது மட்டும் அந்தப் பட்டை (டிரான்ஸ்ஃபர் பார்) மேலே எழுந்து ஹேமரின் அடியை தோட்டாவை அடிக்கும் ஊசிக்குக் கடத்தும், மற்ற நேரம் ஹேமர் ஊசியைத் தொடாது. பழையதில் இந்தப் பாதுகாப்பு பாகத்தை ரூகரே இலவசமாகப் பொருத்திக் கொடுக்கிறது, ஆனால் உங்களுக்கு அது வேண்டாம், ஹன்டரையே பாருங்கள்.

எடுத்ததும் தோட்டா போடும் கேட்டைத் திறந்து ஒவ்வொரு அறையும் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். அப்புறம் ஹேமரை மெதுவாக, முடிந்த அளவு மெதுவாக, இழுங்கள். ஹேமர் முழுவதும் பின்னால் வந்து நிற்பதற்குள் சிலிண்டர் பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் செய்யுங்கள், ஒன்றில் பிந்தினாலும் தேய்மானம். பூட்டிய நிலையில் சிலிண்டரை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள், அசைவு நன்றாகவே தெரிந்தால் பலமான தோட்டாவை நிறையச் சாப்பிட்ட துப்பாக்கி. இடைவெளி அளக்கும் தகடு கொண்டுபோங்கள், குழலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே .004 முதல் .006 அங்குலம் இருந்தால் மகிழ்ச்சி, .010 என்றால் விலகிவிடுங்கள். குழலின் பின்வாயில், குண்டு நுழையும் புனலில், டார்ச் அடித்து விரிசல் உண்டா பாருங்கள். த்ரோட்டை .429, .430 குண்டு இரண்டாலும் தள்ளிச் சோதியுங்கள்.

வாங்கிய பிறகு இரண்டு இடத்தைக் கவனியுங்கள். சிலிண்டர் சுழலும் நடு ஊசி, பலமான உதையில் முன்னால் நழுவும், அப்போது சிலிண்டர் இறுகும். அதன் பூட்டு ஸ்ப்ரிங்கைக் கனமானதாக மாற்றலாம், அல்லது திருகுள்ள ஊசி கிடைக்கிறது. சுட்ட தோட்டாக் கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டர் குழாயைப் பிடித்திருக்கும் ஒற்றைத் திருகும் தளர்ந்து பறந்துபோகும், நூல்பூட்டுப் பசை ஒரு துளி போட்டு முறுக்குங்கள்.

ஐந்தறைக்காரன்:

ஒன்றைச் சேர்க்கிறேன். கடைத் தோட்டாவானாலும் 300 கிரெயின் கனமானதைச் சுடும் முன் நீளம் நழுவுகிறதா என்று சோதியுங்கள். ஆறு அறையும் நிரப்பி, ஒன்றின் நீளத்தை அளந்து அடையாளம் வைத்து, மற்ற ஐந்தையும் சுட்டுவிட்டு, மிஞ்சியதை எடுத்து மறுபடி அளந்து பாருங்கள். உதை பித்தளையைப் பின்னால் இழுக்கும்போது குண்டு உள்ளிருந்து முன்னால் ஊர்ந்திருந்தால் அந்தத் தோட்டா உங்கள் துப்பாக்கிக்கு ஆகாது. சிலிண்டருக்கு வெளியே மூக்கை நீட்டி, குழலில் மோதி, சிலிண்டர் சுழலாமல் நின்றுவிடும். காயம்பட்ட பன்றி திரும்பி வரும்போது அது நடக்கக் கூடாது.

கரிசல்காடு:

பார்த்துவிட்டு வந்தேன். ஹன்டர் நன்றாக இருக்கிறது, ஆறு அறையும் சரியாகப் பூட்டுகிறது, இடைவெளி .005. த்ரோட்டில் .430 குண்டு லேசான அழுத்தத்தில் போகிறது. புனலில் விரிசல் எதுவும் கண்ணில் படவில்லை. முட்டி எங்கும் இடிக்கவில்லை. முன்பணம் கொடுத்துவிட்டேன். ரெட் டாட்டும் .44 ஸ்பெஷல் தோட்டாவும் சொல்லி வைத்திருக்கிறேன். நடு ஊசிக்குக் கனமான ஸ்ப்ரிங் இப்போதே போடவா, .44 ஸ்பெஷல் சுடும்வரை பொறுக்கலாமா?

ஈயவார்ப்பு:

.44 ஸ்பெஷலுக்குத் தேவைப்படாது. முழு மேக்னத்துக்குப் போகும் அன்று போடுங்கள், பழைய ஸ்ப்ரிங்கைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக வையுங்கள்.